அரைப் பெயருக்கு ஒரு சத்தியக் கடதாசி

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

எங்கள் கிராமங்கள் டிஜிட்டல் ஆகின்றன என்று பத்திரிகைகளில் அடிக்கடி செய்தி வருகிறது. நல்ல விடயம்தான். நான் கிளிநொச்சியில் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன், எனக்கு அந்தச் சொல்லோடு பகை ஒன்றும் இல்லை. ஆனால் போன சிறுபோகம் முடிந்த கையோடு எங்கள் பக்கத்தில் நடந்த ஓர் அலுவலைச் சொன்னால், அந்தச் செய்திகளை வாசிக்கும்போது எனக்கு ஏன் எரிச்சல் வருகிறது என்று உங்களுக்கு விளங்கும்.

இங்கே ஒரு சங்கம் அங்கத்தவர்களிடம் நெல்லை வாங்கிக் காசோலை கொடுக்கும். முன்பு கையால் எழுதினார்கள், இப்போது கொழும்பில் வாங்கிய ஒரு மென்பொருள் அச்சடித்துக் கொடுக்கிறது. வயதான ஐயா ஒருவர், பெயர் சிவஞானசுந்தரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், காசோலையை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போயிருக்கிறார். அதில் ‘சிவஞானசுந்’ என்று இருந்தது. அவ்வளவுதான், மிச்சத்தைக் காணோம். அடையாள அட்டையில் முழுப்பெயர், காசோலையில் அரைப்பெயர், வங்கியில் மாற்றித் தர மறுத்துவிட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. சங்கத்துக்குத் திரும்பி வந்தால் “கணினியில அப்பிடித்தான் ஐயா வரும்” என்றார்களாம். சரி, கையால் எழுதித் தாருங்கள் என்றால், கையால் எழுதினால் கணினிக் கணக்கோடு ஒத்துப்போகாதாம். கடைசியில் கிராம அலுவலரிடம் ஒரு கடிதம், அப்புறம் சமாதான நீதவானிடம் போய் ஒரு சத்தியக் கடதாசி: ‘சிவஞானசுந் என்பவரும் சிவஞானசுந்தரம் என்பவரும் ஒருவரே எனச் சத்தியம் செய்கிறேன்.’ மூன்று நாள் அலைச்சல், பஸ் காசு வேறு. அறுத்த நெல்லின் காசை வாங்க ஒரு மனிதர் தன் பெயரின் முதற்பாதி தான்தான் என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது.

அந்தக் காசோலையை அவர் என்னிடம் கொண்டுவந்து காட்டி, “தம்பி, உமக்கு உந்தக் கொம்பியூட்டர் அலுவல் தெரியும்தானே, இதை ஒருக்கா பாரும்” என்றார். பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. நீங்கள் நினைப்பதுபோல் கணினி எழுத்தை எண்ணுவதில்லை. சிவஞானசுந்தரம் என்பது நமக்கு ஒன்பது எழுத்து. கணினிக்கு ஒவ்வொரு அரவும் கொம்பும் குற்றும் தனித்தனிக் குறியீடு, அப்படிப் பார்த்தால் 14 வரும். இன்று எல்லாரும் பாவிக்கிற யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒன்றைச் சேமிக்க 3 பைட் (கணினி இடத்தை அளக்கும் சிறு அலகு) தேவை, ஆக மொத்தம் 42 பைட். அதே பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 17 எழுத்து, 17 பைட். மென்பொருளை எழுதியவர் பெயருக்கு 30 பைட் போதும் என்று முடிவெடுத்திருக்கிறார். ஆங்கிலப் பெயர் தாராளமாகக் கொள்ளும். தமிழ்ப் பெயர் பத்தாவது குறியீட்டோடு நின்றுவிடும், அந்தப் பத்தாவதுதான் ‘ந்’இன் குற்று. எண்ணிப் பாருங்கள், சரியாக வரும்.

நிறுவனத்துக்கு நானே எடுத்துக் கதைத்தேன். மறுமுனையில் தமிழ்ப் பிள்ளை ஒன்றுதான், மரியாதையாகத்தான் பேசினார். “அண்ணா, எல்லா இடத்திலயும் இங்கிலீசிலதான் போடுகினம், உங்கட ஆக்கள் ஏன் தமிழில போடுகினம்?” என்று கேட்டார். எனக்கு ஒரு நிமிடம் வாய் வரவில்லை. விற்கும்போது கொடுத்த மடிப்புத் தாளில் ‘மும்மொழியிலும் இயங்கும்’ என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறது, அது என் கையில்தான் இருந்தது. பிறகு மேலே யாரிடமோ கேட்டுவிட்டு, இது வழு இல்லை, ‘மேலதிக வசதி’, அதனால் 75 ஆயிரம் ரூபாய் ஆகும் என்று மின்னஞ்சல் அனுப்பினார்கள். 30 என்று இருப்பதை 300 என்று மாற்ற 75 ஆயிரம். நியாயமாகச் சொல்வதென்றால் காசோலைப் படிவத்தையும் அறிக்கைகளையும் ஒருமுறை சோதிக்க வேண்டும், அதற்கு ஒரு நாள் வையுங்கள். அதற்கு மேல் என்ன இருக்கிறது?

அந்த மென்பொருளைத் தோண்டப் போனால் இன்னும் வரும். 2016இலிருந்து புதிதாகக் கொடுக்கிற அடையாள அட்டை இலக்கம் 12 தானம். இந்த மென்பொருளைச் சங்கம் வாங்கியது 2019இல். ஆனால் அதில் பழைய ஒன்பது இலக்கமும் ஒரு ஆங்கில எழுத்தும், ஆக 10 தானத்துக்குத்தான் இடம். சங்கத்தில் வேலை செய்கிற தங்கச்சி என்ன செய்கிறார் தெரியுமா, இளம் அங்கத்தவர்களுக்கு முதல் 10 இலக்கத்தை அந்தக் கட்டத்தில் போட்டுவிட்டு, மிச்சம் இரண்டையும் முகவரியின் கடைசியில் எழுதிவைக்கிறார். ‘..., பரந்தன், 37’ என்று. 37ஆம் இலக்க வீடு என்று நினைத்து ஒரு கடிதம் எங்கெல்லாமோ சுற்றியிருக்கிறது. அந்தத் தங்கச்சிதான் என்னைப் பொறுத்தவரை அந்தச் சங்கத்தின் உண்மையான மென்பொருள், மற்றது அவரைச் சமாளிக்க வைக்கிற இடைஞ்சல்.

இன்னொரு குறை, பெயரைத் தேடுவதில். ‘கோ’ என்ற எழுத்தின் ‘ஓ’ ஒலிக்குரிய பகுதியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், முன்னால் வரும் கொம்பையும் பின்னால் வரும் அரவையும் தனித்தனியாகப் போட்டும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்க வழிமுறை இருக்கிறது, நிரலில் சேர்ப்பது பெரிய வேலையும் இல்லை. சேர்க்காததால் கோபால் என்பவரைத் தேடினால் ஆள் இல்லை என்று வரும், திரும்பப் பதிவார்கள், ஒரே ஆள் இரண்டு அங்கத்தவர். குறுஞ்செய்தியிலும் இதே கதை. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழ் வந்தால் 70 குறியீடுதான். ‘உங்கள் நெல்லுக்கான பணம் வங்கியில் வைப்பிலிடப்பட்டுள்ளது’ என்பதே 55 எடுத்துவிடும், பெயரும் தொகையும் சேர்ந்தால் இரண்டு செய்திக் காசு. இது இந்த நிறுவனத்தின் பிழை இல்லை, தொலைபேசித் தொழில்நுட்பம் அப்படி. ஆனால் விலை பேசும்போது இதை ஒருவரும் சொல்வதில்லை, கட்டணப் பட்டியல் வரும்போதுதான் தெரியும்.

உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் கணினியில் தனித்தனி எண் கொடுக்கிற பொது முறைதான் யூனிகோட். அதன் முதற்பதிப்பில், 1991இலேயே, தமிழுக்கு இடம் இருந்தது. அப்போது நான் சின்னப் பிள்ளை, வன்னியில் மின்சாரம் இல்லை, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம். அப்போது எங்களுக்குப் பின்தங்கக் காரணம் இருந்தது. பிறகும் எங்கள் கந்தோர்கள் கனகாலம் பாமினி என்ற, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்ட பழைய எழுத்துருவில்தான் ஓடின, இன்றும் சில இடங்களில் ஓடுகின்றன. பாமினியில் ‘அம்மா’ என்று தட்டினால் கண்ணுக்கு அம்மா, ஆனால் கணினிக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். தேடவும் முடியாது, அகரவரிசைப்படுத்தவும் முடியாது. அதையெல்லாம் தாண்டி வந்த பிறகு, எல்லா வசதியும் இருக்கும்போது, ‘ஏன் தமிழில் போடுகிறீர்கள்’ என்ற கேள்வி வருவதைத்தான் தாங்க முடியவில்லை.

எங்கள் தொழில்காரரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நானும் யோக்கியன் இல்லை. ஒரு முறை நான் எழுதியதில் ஒருவரின் பதிவு காணாமல் போனபோது, ‘நீங்கள் சேமிப்புப் பொத்தானை அழுத்தியிருக்க மாட்டீர்கள்’ என்று நாக்கூசாமல் சொன்னேன். அழுத்தியிருந்தார். எங்கள் வாயில் முதலில் வருவது அதுதான். பிரித்தானியாவில் தபால் நிலையங்களுக்கு ஃபுஜிற்சு நிறுவனம் கொடுத்த ஹொரைசன் என்ற மென்பொருள் கணக்கில் இல்லாத குறையைக் காட்ட, 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்ட துணைத் தபாலதிபர்கள் களவு, மோசடி என்று குற்றவாளிகளானார்கள், சிலர் சிறைக்கும் போனார்கள். கணினி பிழைவிடாது என்றுதான் நீதிமன்றமும் நம்பியது. 2024இல் தனிச் சட்டம் போட்டுத்தான் அந்தத் தீர்ப்புகளை நீக்கினார்கள். எங்கள் ஐயாவின் கதை அதற்குப் பக்கத்திலும் வராது என்று தெரியும். ஆனால் பிழை ஓரிடத்தில், அது தன் பிழை இல்லை என்று நிரூபிக்கிற சுமை இன்னோரிடத்தில் என்பது இரண்டிலும் ஒன்றுதான்.

சங்கம் இதை விட்டுவிட்டு வேறு மென்பொருளுக்கு மாறலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். தரவுகளைக் கோப்பாக எடுத்துத் தரத் தனிக் கட்டணமாம். அதுவும் டொலரில். வருட உரிமக் கட்டணமும் டொலரில்தான், 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனபோது சங்கம் என்ன பாடுபட்டது என்று முகாமையாளர் சொன்னார். விற்றவரும் இலங்கையர், வாங்கியவரும் இலங்கையர், நடுவில் டொலர் எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சங்கங்களிலும் கந்தோர்களிலும் இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கையெழுத்துப் போட முன்னர் உங்கள் ஊரிலேயே நீளமான தமிழ்ப் பெயரை அவர்கள் முன்னால் தட்டிப் பாருங்கள், அச்சடித்தும் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. விலகினால் தரவைச் சும்மா தருவீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். தெரியாவிட்டால் தெரிந்த பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது, வவுனியாவில் 2021இலிருந்து தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. ஏ9 வீதியால் கொழும்புக்குப் போய்த்தான் கேட்க வேண்டும் என்றில்லை.

நான் போட்ட முறைப்பாடு அந்த நிறுவனத்தின் தளத்தில் இன்றைக்கும் ‘பரிசீலனையில்’ என்றே நிற்கிறது. ஐயா சத்தியக் கடதாசியை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு, வங்கிப் புத்தகத்தோடு பத்திரமாக வைத்திருக்கிறார். காலபோக நெல்லுக்கும் தேவைப்படும் என்று சங்கத்தில் சொல்லியிருக்கிறார்களாம்.

இப்படிக்கு,
மென்பொருள் எழுதும் ஒருவன்,
கிளிநொச்சி