பழியைப் பிள்ளைகள் மேல் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சத்துணவு வீணாவதைக் குறைக்க இங்கே ஒரு பள்ளியில் நடந்த கண்காட்சியைப் பற்றிப் போன வாரம் செய்தி போட்டிருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் படத்துக்குக் கீழே, 'சோற்றின் அருமை தெரியாத பிள்ளைகளுக்குப் பாடம்' என்று ஒரு வரி. இருபது வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள் நான். அதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அருமை தெரியாதவர்களா? 2022-ல் காலை உணவுத் திட்டம் வருவதற்கு முன்பு, அம்மா விடியலிலேயே தேயிலை பறிக்கப் போய்விட, வெறும் வயிற்றோடு வந்து மதிய மணிக்குக் காத்திருந்த பிள்ளைகள் இவர்கள்.

மிச்சம் ஏன் விழுகிறது என்று எங்கள் பள்ளியில் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். காய்கறி மண்டியில் பழைய கொக்கித் தராசு ஒன்று வாங்கி, மிச்ச வாளியைத் தினமும் மாட்டி நிறுத்தோம். கிலோவுக்கு ஒரு கேரட் என்று நாலாம் வகுப்பு சுவரில் கலர் சாக்பீஸால் வரைந்தது. கொண்டைக்கடலை நாளில் கேரட் வரிசை ஜன்னல் வரை போனது. ஒரு சிறுமி என் உள்ளங்கையில் ஒரு கடலையை வைத்து, "கடிச்சுப் பாருங்க டீச்சர்" என்றாள். கல் மாதிரி இருந்தது. மலையில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும், ஊட்டி உயரத்தில் 93-க்குப் பக்கத்திலேயே. கடலை எப்படி வேகும்? முந்தின நாளே ஊறப் போட்டோம். அப்புறம் அளவு. ஒன்றாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் ஒரே 100 கிராம் அரிசிதான் கணக்கு. சின்னப் பிள்ளைக்கு முதலில் அரைக் கரண்டி, கேட்டால் மறுபடியும் என்று மாற்றினோம். அடுத்த மாதம் இரண்டு கேரட்டுக்கு மேல் வரையவில்லை.

அப்போதே உங்களுக்கு எழுதினேன். வரவில்லை. கரடி எங்கள் சமையலறைக் கதவை உடைத்தபோது மட்டும் நிருபர் வந்தார். மூடியுள்ள தொட்டி இல்லாமல் மிச்சச் சோறு வெளியே கிடப்பதைச் சொன்னேன். அதுவும் வரவில்லை. மாநிலம் 2019-ல் பிளாஸ்டிக்கைத் தடை செய்வதற்கு வெகு முன்பே தடை செய்த மாவட்டம் நம்முடையது, உங்களுக்குத் தெரியாததல்ல. இங்கே, அந்தக் கண்காட்சியில் பிள்ளைகள் கையில் தெர்மாகோலைக் கொடுத்துக் கழிவைப் பற்றிப் படம் செய்யச் சொல்வதை எப்படிப் பாராட்டினீர்கள்?

அந்த வரி தவறு என்று ஒரு வரி போடுங்கள். அந்தப் பள்ளியில் தராசு இல்லையென்றால் சொல்லுங்கள், என் வீட்டுப் பரணில் பழையது இருக்கிறது. துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
கோத்தகிரி.