வால்பாறைக்கு வாருங்கள், மே மாதம் மட்டும் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் கோடைக்குப் போகவேண்டிய மலைகள் என்று ஊட்டி, கொடைக்கானல், மூணாறு, கூர்க் எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் வால்பாறைக்கும் நாலு வரி கொடுத்திருந்தீர்கள். நான் பொள்ளாச்சிக்காரன், எங்கள் மலை பேப்பரில் வந்ததில் சந்தோஷம்தான். ஆனால் குளுகுளு, தேயிலைத் தோட்டம், அருவி என்பதோடு அந்த நாலு வரியும் முடிந்துவிட்டது. அதை நம்பி மே மாதம் குடும்பத்தோடு காரில் கிளம்புகிறவர்கள் பாதையில் வண்டி வரிசையையும், தண்ணீர் வற்றிய அருவியையும் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா?" என்று திரும்பிப் போகிறார்கள். பல முறை என் காதாலேயே கேட்டிருக்கிறேன், அதனால்தான் இந்தக் கடிதம்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். பக்கத்தில் இருக்கிற சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்கிற இடங்களில் ஒன்று என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மழை ஓய்ந்த பிறகு, புரட்டாசி கடைசியிலிருந்து தை வரைக்கும் வாருங்கள். நடுவில் ஐப்பசி மழை ஓரிரு நாள் பிடிக்கும், அது ஒன்றும் பெரிய தொந்தரவில்லை. அருவியில் தண்ணீர் இருக்கும், காலையில் தேயிலைச் சரிவில் பனி படுத்துக் கிடக்கும், ரோட்டில் கூட்டமும் குறைவு.

முடிந்தால் பஸ்ஸில் வாருங்கள். பொள்ளாச்சியிலிருந்து அறுபத்து சொச்சம் கிலோமீட்டர்தான், ஆழியாறு தாண்டியதும் மலை ஏற ஆரம்பித்துவிடும். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதி வைத்திருக்கிறார்கள். எந்தப் பக்க ஜன்னலில் உட்கார்ந்தாலும் சரி, வளைவுக்கு வளைவு ஆழியாறு அணை பக்கம் மாறிக்கொண்டே வரும், ஏற ஏற அந்தப் பெரிய நீர்ப்பரப்பு சின்னதாகிக்கொண்டே போகும். சொந்த வண்டியில் வருகிறவர்கள் 2025 நவம்பர் முதல் இங்கேயும் இ-பாஸ் எடுக்கவேண்டும், ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதமே வந்துவிட்டது. சிலர் இதற்குச் சலித்துக்கொள்கிறார்கள், எனக்கு அது சரியாகத்தான் படுகிறது.

ஒன்பதாவது வளைவில் கட்டாயம் இறங்கிப் பாருங்கள். அங்கே வரையாடு நிற்கும். நம் மாநில விலங்கு, 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதற்கும் 1,303 தான் இருந்தன, அதில் ஒன்று ரோட்டோரத் தடுப்புச் சுவருக்குப் பக்கத்தில் நின்று நிதானமாகப் புல் மேய்கிறது! முதுகில் வெளிர்நிறம் ஏறிய கிழட்டுக் கடா ஒன்றைப் பத்தடி தூரத்தில் பார்த்திருக்கிறேன். கண்ணைக்கூட எங்கள் பக்கம் திருப்பவில்லை, செங்குத்தான பாறையில் நாம் படி இறங்குவதுபோல இறங்கிப் போய்விட்டது.

மேலே போனால் எங்கும் தேயிலைதான். ஆனால் தேயிலைக்கு நடுவே வெட்டாமல் விட்ட காட்டுத் துண்டுகள் திட்டுத் திட்டாக நிற்கும், வால்பாறையின் உயிரே அந்தத் துண்டுகளில்தான் இருக்கிறது. இருவாச்சிப் பறவை தலைக்கு மேலே பறந்தால் தூரத்தில் நீராவி ரயில் வருகிற மாதிரி இறக்கைச் சத்தம் கேட்கும். அதன் பெட்டை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு முட்டையிட்டு அடைகாக்கும், அத்தனை நாளும் ஆண் பறவைதான் அத்திப்பழத்தைத் தொண்டையில் அடக்கிவந்து ஒவ்வொன்றாகக் கக்கி ஊட்டும். பெரிய பழைய மரம் இல்லாவிட்டால் அதற்குப் பொந்தும் இல்லை, குஞ்சும் இல்லை. யானைகளும் இந்தத் துண்டுகள் வழியாகத்தான் நடமாடுகின்றன. எஸ்டேட் பக்கம் உயரக் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் பக்கத்தில் யானை இருக்கிறது என்று அர்த்தம். அதைக் கண்டால் அந்தப் பக்கம் போகாதீர்கள், செல்ஃபி எடுக்கும் இடம் அதுவல்ல.

இப்போது என்னை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். வால்பாறைக்குப் பக்கத்தில் புதுத்தோட்டம் என்று ஓர் இடம். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழ்கிற சிங்கவால் குரங்கு அங்கே கூட்டமாக இருக்கிறது. கறுத்த முகம், அதைச் சுற்றி வெள்ளைப் பிடரி, வால் நுனியில் ஒரு குஞ்சம். மரம் விட்டு மரம் தாவியே வாழ்கிற ஜாதி. நடுவில் ரோடு போவதால் அது கடந்துபோக மேலே பாலம் மாதிரி கட்டிவிட்டிருக்கிறார்கள். போன அக்டோபரில் நான் அங்கே நின்றிருந்தபோது ஒரு கார் நின்றது, கதவைத் திறந்து குழந்தை கையில் பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்து "போடு, போடு" என்றார்கள். மேலே போய்க்கொண்டிருந்த ஒரு தாய்க் குரங்கு, வயிற்றில் குட்டியைக் கட்டிக்கொண்டே ரோட்டுக்கு இறங்கி வந்தது. எதிரே வந்த வேன் பிரேக் பிடித்து ஓர் அடியில் நின்றது. தாய் பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டது, குட்டியின் வால் மட்டும் இடுப்புக்குக் கீழே ஆடிக்கொண்டே போனது. எனக்குக் கை நடுக்கம் நிற்கக் கொஞ்ச நேரமானது. காரில் வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் பேப்பரை நம்பித்தான் ஆயிரக்கணக்கானவர்கள் கிளம்புகிறார்கள். அடுத்த முறை எந்த மலையை எழுதினாலும் பெயருக்குக் கீழே எந்த மாதம் போகலாம், அங்கே எதைச் செய்யக்கூடாது என்று இரண்டு வரி சேருங்கள். வால்பாறைக்கு எழுதும்போது புதுத்தோட்டம் என்று பெயர் போட்டே எழுதுங்கள், அங்கே குரங்குக்கு ஒரு வேர்க்கடலைகூடப் போடவேண்டாம் என்று.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பொள்ளாச்சி.