கேபின் இல்லாத டிராக்டரில் ஒரு சாக்கெட்

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

போன வியாழக்கிழமை பேசிக்கொண்டிருக்கும்போதே போன் அணைந்துபோனதில் அம்மா இரவு முழுவதும் கண் மூடவில்லை என்று தங்கை சொன்னாள். எனக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை. பண்ணையின் மேற்குக் கோடியில் பாதையிலிருந்த பனியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். போனில் 40 சதவீதம் சார்ஜ் இருந்தது. பையிலிருந்து எடுத்துக் காதில் வைத்த ஐந்தாவது நிமிடம் அணைந்துவிட்டது. பூஜ்ஜியத்துக்குக் கீழே 15 டிகிரி குளிரில் லித்தியம் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகிவிடும். உள்ளே சக்தி இருந்தாலும் கேட்ட வேகத்தில் கொடுக்க முடியாது, வோல்டேஜ் விழும், போன் தானாக அணைந்துவிடும். அறைக்குத் திரும்பிச் சூடு ஏறியபின் அதே போன் 30 சதவீதம் காட்டியது. அதற்குள் உங்களுக்கு நள்ளிரவாகிவிட்டது.

அன்றே முடிவு செய்தேன், டிராக்டரில் ஒழுங்கான சாக்கெட் ஒன்று வைப்பதென்று. வேலை முடிந்துவிட்டது. நேற்றுப் பேசும்போது அரைகுறையாகச் சொன்னேன். "எங்கிருந்து லைன் எடுத்தாய், என்ன ஃபியூஸ் போட்டாய், எல்லாவற்றையும் எழுது" என்றீர்கள். நாற்பது வருடம் வயர்மேனாக இருந்தவர் கேட்கும்போது மேலோட்டமாக எழுதக் கூடாது. அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

முதலில் டிராக்டரைச் சொல்கிறேன். நீங்கள் நினைக்கும் பெரிய டிராக்டர் இல்லை. தோட்டத்துக்கும் சிறு பண்ணைக்கும் ஏற்ற சின்ன டீசல் வண்டி. கூரை கிடையாது, கண்ணாடி கிடையாது. ஒரு இருக்கை, அதன் பின்னால் வண்டி கவிழ்ந்தால் நம்மைக் காப்பாற்றும் இரும்பு வளைவு, அவ்வளவுதான். மழையும் பனியும் காற்றும் நேராக நம்மேல் விழும். குளிர்காலத்தில் மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். சுற்றிலும் கூப்பிடு தூரத்தில் ஆள் இருக்க மாட்டார்கள். இங்கே வேலைக்குப் போகும்போது நான் எடுத்துக்கொள்ளும் பொருள்களில் போன்தான் முக்கியம். அதற்கு அடுத்தது, 12 வோல்ட்டில் சூடாகும் மேல்சட்டை. துணிக்குள் மெல்லிய கம்பி ஓடும். முதுகிலும் மார்பிலும் இதமாக இருக்கும். அதை மாட்டினால் மூன்று மணி நேரம் உட்காரலாம். இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் விரல் மரத்துவிடும்.

உங்களிடம் இதுவரை சொல்லாத ஒன்றை இப்போது சொல்லிவிடுகிறேன். வந்த முதல் குளிர்காலத்தில் அவசரத்தில் ஒரு தவறு செய்தேன். முன்விளக்குக்குப் போகும் வயரைச் சீவி, அதில் சாக்கெட் வயரை முறுக்கி, டேப் சுற்றிவிட்டேன். அந்த லைனின் ஃபியூஸ் 10 ஆம்பியர். இரண்டு விளக்கும் தலா 35 வாட்; சேர்ந்து சுமார் 6 ஆம்பியர் இழுக்கும். சட்டை 84 வாட், அதாவது 7 ஆம்பியர். கூட்டிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். மாலை இருட்டில், வீட்டிலிருந்து வெகு தூரத்தில், சட்டையை மாட்டிய சில நிமிடங்களில் ஃபியூஸ் போய் இரண்டு விளக்கும் அணைந்தன. பனியின் வெளிச்சத்தில், நடக்கும் வேகத்தில் திரும்பி வந்தேன். "ஃபியூஸ் பொருளைக் காப்பாற்ற இல்லை, வயரைக் காப்பாற்ற" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள். அன்று அந்த ஃபியூஸ் போகாமல், யாராவது 30 ஆம்பியர் போட்டு வைத்திருந்தால், டேங்குக்குப் பக்கத்தில் வயர் எரிந்திருக்கும். இப்போதும் அதை நினைத்தால் மனம் பதறுகிறது.

வீட்டு வயரிங்குக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கு ஒரு வரியில் புரியும். 60 வாட் பல்புக்கு 230 வோல்ட்டில் கால் ஆம்பியர் போதும். அதே 60 வாட்டுக்கு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் ஓட வேண்டும். ஷாக் அடிக்காது என்பதால் பயமில்லாமல் கை வைக்கிறார்கள். ஆனால் வயர் சூடாவது ஆம்பியரால்தான். பேட்டரியின் இரண்டு முனைக்கும் நடுவே ஸ்பானர் விழுந்தால் அது வெல்டிங்போல ஒட்டிக்கொள்ளும். மோதிரம் போட்ட விரல் இருந்தால் விரல் போய்விடும்.

அதனால் இந்தத் தடவை கணக்கிலிருந்து ஆரம்பித்தேன். இந்த வண்டியின் டைனமோ முழு வேகத்தில் கொடுப்பதே 20 ஆம்பியர். இன்ஜின் மெதுவாக ஓடும்போது அதைவிடக் குறைவு. விளக்கு 6, சட்டை 7, போன் சார்ஜருக்கு அதிகபட்சம் 2. மொத்தம் 15. அதற்குமேல் எதையும் மாட்டக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டேன். இன்வெர்ட்டர் வைத்து டிரில் ஓட்டலாமே என்று பக்கத்துப் பண்ணையில் வேலை செய்யும் நண்பர் சொன்னார். சாக்கெட் தாங்கினாலும் டைனமோ தாங்காது. குறையும் மின்சாரம் பேட்டரியிலிருந்து போகும். மறுநாள் காலை வண்டி எழாது. குளிரில் பேட்டரியின் பலமே பாதிக்கு வந்துவிடுகிறது. குளிரில் இன்ஜினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக்குக்கும் ஸ்டார்ட்டருக்கும் கொடுக்க வேண்டியதை வேறு எதற்கும் செலவழிக்க எனக்கு மனமில்லை.

சாக்கெட்டை எங்கே வைப்பது என்பதில்தான் இரண்டு நாள் போயிற்று. இரும்பு வளைவு கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. அதில் ஒரு துளை போட்டால் வேலை சுலபம். ஆனால் அதில் துளையிடுவதோ, வெட்டுவதோ, வெல்டிங் வைப்பதோ கூடாது என்று கையேட்டிலேயே இருக்கிறது. வண்டி உருண்டால் மொத்த எடையையும் தாங்க வேண்டிய இரும்பு அது. ஒரு துளை போட்டாலும் அதன்மேல் நம்பிக்கை வைக்க முடியாது. அடுத்து மட்கார்டு. அதன் அடிப்பக்கம் குனிந்து பார்த்தால் டீசல் குழாய் ஓடுகிறது. பார்க்காமல் டிரில் போட்டிருந்தால் அவ்வளவுதான். இருக்கைக்குப் பின்னால் வைக்கலாமா என்றால், அங்கேதான் பின்பக்கக் கருவிகளைச் சுழற்றும் தண்டு இருக்கிறது. நிமிடத்துக்கு 540 சுற்று. என் உடம்பிலிருந்து ஒரு கேபிள் அந்தப் பக்கம் தொங்குவதை நினைத்தே பார்க்க முடியாது.

கடைசியில் டாஷ்போர்டின் இடது கீழ் மூலையைத் தேர்ந்தெடுத்தேன். அங்கே ஏற்கெனவே ஒரு போல்ட் இருக்கிறது. அலுமினியப் பட்டை ஒன்றை வளைத்து, அந்த போல்ட்டிலேயே பிடித்து, பட்டையில் மட்டும் துளை போட்டேன். வண்டியில் புதிதாக ஒரு துளைகூட இல்லை. நனையாத இடம் என்று இந்த வண்டியில் ஒன்றும் கிடையாது. அதனால் சாக்கெட்டின் வாயைச் சற்றுக் கீழ் நோக்கிச் சாய்த்து, ரப்பர் மூடி உள்ளதாகப் போட்டேன். பின்னால் வரும் வயரையும் ஒரு தொங்கல் விட்டு மேலே ஏற்றினேன். வழிந்து வரும் தண்ணீர் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், சாக்கெட்டுக்குள் போகாது.

இனி லைன். பேட்டரி பானட்டுக்குள் முன்னால் இருக்கிறது. முதலில் நெகட்டிவைக் கழற்றினேன், கடைசியில் அதையே மாட்டினேன். பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பானர் வண்டியின் இரும்புச் சட்டத்தில் பட்டாலும் அப்போது ஷார்ட் ஆகாது. பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்தேன். சாக்கெட் பக்கம் வைத்தால் பார்க்க வசதியாக இருக்கும்தான். ஆனால் பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடையிலுள்ள வயர் எங்காவது உரசித் தோல் உரிந்தால் அதைக் காக்க எதுவும் இல்லை. அந்தத் துண்டு எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. வயர் 2.5 சதுர மில்லிமீட்டர், பல இழைச் செம்பு. போகவும் வரவும் சேர்த்து 6 மீட்டர். 10 ஆம்பியர் ஓடினால் அரை வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் விழும் என்று கணக்கிட்டேன்.

நடுவே ஒரு ரிலே, அதாவது சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச். அதன் முனைகளுக்கு எண் உண்டு. 30-ஆம் முனைக்கு ஃபியூஸிலிருந்து வரும் லைன், 87-இலிருந்து சாக்கெட்டுக்கு, 86-க்குச் சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர் வரும் ஒரு மெல்லிய வயர், 85 நெகட்டிவுக்கு. சாவி ஸ்விட்ச் ரிலேயை இழுக்கும் சிறு மின்சாரத்தை மட்டும் தாங்கினால் போதும். பாரம் முழுவதும் ரிலே வழியே போகும். சாவியை எடுத்துவிட்டால் சாக்கெட் செத்துவிடும். நான் சார்ஜரை மறந்து விட்டுவிட்டாலும் வாரக்கணக்கில் நிற்கும் வண்டியின் பேட்டரி வடியாது.

நெகட்டிவை சட்டத்திலேயே பிடிக்கலாமே என்று கேட்பீர்கள். பிடிக்கலாம். பெயிண்டைச் சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு, கிரீஸ் தடவினால் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஈரமும் உப்பும் படும் வண்டி. இரண்டு குளிர்காலத்தில் அந்த இடம் துருப்பிடிக்கும். அதனால் இரண்டு வயரையும் பேட்டரிவரை கொண்டுபோனேன்.

வயர் நுனியில் மாட்டும் உலோக முனையான லக்கை அடிக்க நீங்கள் கொடுத்தனுப்பிய கிரிம்பிங் பிளேயரைத்தான் எடுத்தேன். கைப்பிடியில் நீங்கள் சுற்றிய சிவப்பு டேப் இன்னும் இருக்கிறது. கையுறையோடு இழைகளைப் பிடிக்க முடியவில்லை. கழற்றினால் இரண்டு நிமிடத்துக்குமேல் விரல் வேலை செய்யவில்லை. செம்பு இழைகள் பனித்துகள்போல விரல் நுனியில் குத்தி நின்றன. ஒரு லக் அடிப்பது, கையை அக்குளில் வைத்துச் சூடேற்றுவது, அடுத்த லக். அடித்த ஒவ்வொன்றையும் நீங்கள் செய்வதுபோல இழுத்துப் பார்த்தேன். ஒன்று கையோடு வந்துவிட்டது. வெட்டிவிட்டுப் புதிதாக அடித்தேன். ஈயம் வைக்கவில்லை. இந்த வண்டியின் அதிர்வில், ஈயம் ஏறி விறைத்த இடம் முடிகிற விளிம்பில்தான் இழை முறியும். சூடு காட்டினால் சுருங்கும், உள்ளே பசையுள்ள ஸ்லீவைச் சுருக்கி மூடினேன். தகடு வழியே போகும் இடத்தில் ரப்பர் புஷ், மற்ற இடமெல்லாம் நெளிவுக் குழாய், சைலன்சர் இல்லாத பக்கமாக, ஸ்டீயரிங் தண்டைத் தொடாமல், ஒரு சாணுக்கு ஒரு கேபிள் டை.

சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டுக்குள்ளிருந்து ரிலே 'டிக்' என்றது. அவ்வளவு சின்னச் சத்தம் என்னை இத்தனை சந்தோஷப்படுத்தும் என்று நினைக்கவில்லை. இன்ஜின் ஓடாதபோது மீட்டரில் 12.6 வோல்ட், ஓடும்போது 14.2. சட்டையை மாட்டி விளக்கையும் போட்டபின் சாக்கெட்டில் 13.6. சாவியை எடுத்தால் பூஜ்ஜியம்.

ஓட்டிப் பார்த்தபின் ஒன்று கற்றுக்கொண்டேன். இந்த வட்டச் சாக்கெட்டின் அடியில் உள்ள ஸ்பிரிங் பிளக்கை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. கரடுமுரடான பாதையில் அரை மணிக்கு ஒரு தடவை பிளக் நழுவிவிடுகிறது. இறுக்கிப் பூட்டும் வகை பிளக்கும் இருக்கிறது. எனக்கு அது வேண்டாம். சட்டை என் உடம்பில் இருக்கிறது. வண்டியிலிருந்து திடீரென்று குதிக்க நேர்ந்தால் கேபிள் என்னைப் பிடித்து நிறுத்தக் கூடாது. அதனால் சட்டை வயரின் நடுவில் இழுத்தால் கழன்றுவிடும் இரண்டு முள் இணைப்பு ஒன்று வைத்தேன். வண்டிப் பக்கம் வருவதில் பாசிட்டிவ் முனை மூடியிருக்குமாறு பார்த்துக்கொண்டேன்.

போனை வெளியே மாட்டிவைத்து சார்ஜ் செய்வதில்லை. உறையும் குளிரில் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் பேட்டரி கெட்டுவிடும். சட்டையின் உள்பையில், என் மார்பின் சூட்டில் இருக்கிறது. கேபிள் மட்டும் வெளியே வருகிறது. சனிக்கிழமை நான்கு மணி நேரம் வேலை செய்தேன். திரும்பும்போது 100 சதவீதம்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: வண்டி ஓட்டும்போது கூப்பிட்டால் உடனே எடுக்க மாட்டேன். மணி கேட்டதும் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, நானே கூப்பிடுவேன். பத்து நிமிடம் ஆகலாம். பயப்பட வேண்டாம்.

உங்களிடம் ஒரு சந்தேகம், அப்பா. பேட்டரி நெகட்டிவில் இருக்கும் லக்கின் ஸ்லீவ் ஒரு பக்கம் மட்டும் லேசாகப் பழுப்பாகியிருக்கிறது. சுருக்கும்போது சூட்டை அதிகமாகக் காட்டிவிட்டேனா, இல்லை உள்ளே பிடிப்பு சரியில்லாமல் சூடாகிறதா? முழுப் பாரத்தோடு ஒரு மணி நேரம் ஓட்டியபின் தொட்டுப் பார்த்தேன், சூடு தெரியவில்லை. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. தங்கையின் போனுக்கு மூன்று படம் அனுப்பியிருக்கிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெரிதாக்கிப் பார்த்துச் சொல்லுங்கள். வெட்டி மறுபடி அடி என்றால் நாளைக் காலையே அடித்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகன்