பரிசோதனை இல்லாமல் 'குளூட்டன் ஃப்ரீ' வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி கடைகளில் ராகி பிஸ்கட், சாமை குக்கீஸ், தினை மாவு என்று பல பாக்கெட்டுகளில் 'குளூட்டன் ஃப்ரீ' என்ற வாசகத்தைப் பார்க்கிறேன். கோதுமை போன்ற தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் இல்லாதது என்று அர்த்தம். எந்த ஆய்வகத்தில் சோதித்தீர்கள் என்று கேட்டால், "ராகியில் ஏதுங்க குளூட்டன்?" என்பதுதான் பெரும்பாலும் பதில்.

ராகியில் இல்லைதான். ஆனால் ராகி அரைபடும் அதே மில்லில்தான் கோதுமையும் அரைபடுகிறது. கோதுமை மாவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குளூட்டன். ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் அதை 'குளூட்டன் இல்லாதது' என்று விற்கக் கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு கிலோ ராகி மாவில் கால் கிராம் கோதுமை மாவு கலந்தாலே அந்த எல்லை வந்துவிடும். முந்தைய அரவையில் மெஷினுக்குள் தங்கும் மாவே அதற்குப் போதும். பார்த்தாலும் தெரியாது, ருசித்தாலும் தெரியாது.

என் மகளுக்கு சீலியாக் நோய். குளூட்டன் உள்ளே போனால் அவள் உடம்பின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கும். மருந்து கிடையாது, கோதுமை, பார்லி, ரை (கோதுமை போன்ற ஒரு தானியம்) மூன்றையும் வாழ்நாள் முழுக்கத் தவிர்க்க வேண்டும். தினம் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் சேர்ந்தாலே குடல் பாதிக்கப்படுகிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். அது அரை கிராம் கோதுமை மாவு! வட இந்தியாவை விட நம் பக்கம் இந்த நோய் குறைவு என்பது உண்மை. அதனால்தான் இங்கே யாருக்கும் சட்டென்று சந்தேகமும் வருவதில்லை.

சம்பா கோதுமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'பழைய ரகம், ஒன்றும் செய்யாது' என்று விற்கிறார்கள். குன்னூர் பக்கத்து வெலிங்டனில் உள்ள கோதுமை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய எச்.டபிள்யூ. 1098 என்ற ரகம் உட்பட சம்பா நல்ல தானியம்தான், மற்றவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் அதுவும் கோதுமை. அதிலும் குளூட்டன் உண்டு. சீலியாக் நோயாளிக்கு அதைக் கொடுக்கவே கூடாது.

மாவில் குளூட்டன் கலந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையின் பெயர் எலைசா. மாவிலிருந்து குளூட்டனைக் கரைத்து எடுத்து, அதை மட்டும் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்புப் புரதத்தோடு சேர்ப்பார்கள். நிறம் எவ்வளவு மாறுகிறது என்பதை வைத்து அளவு தெரியும். ஆர்5 என்ற எதிர்ப்புப் புரதத்தைக் கொண்டு செய்யும் முறையை உலக அளவில் ஏற்றிருக்கிறார்கள். சோயா சாஸ் போல புளிக்கவைத்த பொருளுக்கு இதன் வழக்கமான வடிவம் போதாது, ஏனென்றால் அதில் குளூட்டன் துண்டு துண்டாக உடைந்திருக்கும். வேறு வகை எலைசா வேண்டும். மாதிரி எடுப்பதும் முக்கியம். கலந்த கோதுமை மூட்டை முழுக்க ஒரே சீராக இருக்காது. மேலே ஒரு ஸ்பூன் அள்ளி அனுப்பினால் எல்லாம் சுத்தம் என்று தவறாக முடிவு வந்துவிடலாம்.

வீட்டில் பிஸ்கட் செய்து விற்கும் பெண்களும் சுயஉதவிக் குழுக்களும் இந்தப் பரிசோதனைச் செலவைத் தனியாகத் தாங்க முடியாது, எனக்குப் புரிகிறது. மாவட்ட நிர்வாகம் அவர்களின் மாதிரிகளை மொத்தமாகச் சேர்த்து ஆய்வகத்துக்கு அனுப்பிக் கொடுக்கலாம். உணவுப் பாதுகாப்புத் துறையின் நடமாடும் பரிசோதனை வண்டியில் குளூட்டன் காட்டும் பட்டைகளையும் வைக்கலாம். சந்தேகம் வந்தால் அப்புறம் எலைசா. சிறுதானியத்துக்கு மட்டும் என்று ஊருக்கு ஒரு மில் இருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

அதுவரை, சோதிக்காதவர்கள் 'கோதுமை சேர்க்கவில்லை. ஆனால் கோதுமையும் அரைக்கும் மில்லில் அரைத்தது' என்று உள்ளதை உள்ளபடி அச்சிடட்டும். நாங்கள் அதை வாங்காமல் விட்டுவிடுவோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோத்தகிரி