ராசிபலனுக்கு பக்கத்துல நாலு வரி எடம் குடுங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல தினமும் சந்தோஷமா இருக்க என்ன பண்ணலாம்னு ஒரு பக்கம் முழுக்க போட்டிருந்தீங்க, ரெண்டு தடவ படிச்சேன். சீக்கிரம் எந்திரிங்க, கண்ணாடிய பாத்து சிரிங்க, நன்றி சொல்லி டைரி எழுதுங்க, நெகட்டிவா பேசுறவங்கள தள்ளி வைங்க... எல்லாம் சரிதான், தப்புன்னு சொல்ல வரல. ஆனா ஒரு எடத்துலயாவது "எதையாச்சும் நோண்டி பாருங்க"ன்னு ஒரு வரி வரும்னு கடைசி வரைக்கும் தேடுனேன், வரவே இல்ல. எனக்கு தெரிஞ்சு கலகலன்னு இருக்கற ஆளுங்கள்ல முக்காவாசி பேரு டைரி எழுதுறவங்க இல்ல சார், "அது ஏன் அப்படி இருக்கு"ன்னு மண்டைய கொடஞ்சுகிட்டு அது பின்னாடியே போறவங்கதான். அதான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளம், வேணும்னா வெட்டி போட்டுக்கங்க.

நான் திருவானைக்கோவில்ல இருக்கேன், அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன்ல குப்ப கொட்டி ரிட்டையர் ஆனவன். எங்க ஊருக்காரர்னு நாங்க காலர தூக்கி விட்டுக்கற சர் சி.வி.ராமன் 1888 நவம்பர் 7ஆம் தேதி இங்கதான், அவங்க அம்மா வழி தாத்தா வீட்ல பொறந்தாரு. ஸ்கூல்ல அவர பத்தி என்ன சொல்லி குடுக்கறாங்க? கடல் ஏன் நீலமா இருக்குன்னு கேட்டாரு, 1928 பிப்ரவரி 28 ராமன் விளைவு, 1930ல நோபல், ரெண்டு மார்க், முடிஞ்சது. எனக்கு அவர்கிட்ட ரொம்ப புடிச்சது அதுக்கெல்லாம் முன்னாடி ஓடின ஒரு பத்து வருஷம். மனுஷன் 1907ல கல்கத்தால அரசாங்க கணக்கு டிபார்ட்மென்ட்ல உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலா சேர்றாரு, வயசு 18, பெரிய உத்தியோகம், கைநெறைய சம்பளம், கல்யாணமும் ஆயாச்சு, வேற எவனா இருந்தாலும் அதோட செட்டில். இவரு பவ்பஜார் தெருவுல ஒரு சயின்ஸ் சங்கத்தோட போர்ட பாத்துட்டு உள்ள நுழைஞ்சாரு, அவ்ளோதான், ஆபீஸ் போறதுக்கு முன்னாடி காலைல அங்க, ஆபீஸ் விட்டு சாயங்காலம் மறுபடி அங்க, நடுவுல ரங்கூன் நாக்பூர்னு டிரான்ஸ்ஃபர் வேற, திரும்பி வந்து மறுபடியும் அதே சங்கம், 1917ல ப்ரொஃபசர் ஆகுற வரைக்கும் இதே பொழப்பு. கணக்கு ஆபீஸ்னா என்னன்னு எனக்கு தெரியும் சார், லெட்ஜர் டேலி ஆகாம மண்ட காஞ்சு வீட்டுக்கு வந்தா சட்டைய கழட்டி மாட்டிட்டு ஈஸி சேர்ல விழுந்தா போதும்னுதான் இருக்கும். இவருக்கு எங்கேர்ந்து தெம்பு வந்துச்சுன்னு நான் ரொம்ப யோசிச்சிருக்கேன். அங்க போய் நோண்டுனதுதான் தெம்பா இருந்திருக்கும்னு தோணுது.

சரி அங்க போய் என்ன பண்ணாரு? வயலின் தந்தி எப்படி ஆடுதுன்னு பாத்தாரு, வீணைய பாத்தாரு, மிருதங்கத்த பாத்தாரு. நாம எத்தன கச்சேரில மிருதங்கம் பாத்திருப்போம், வலந்தலைல, அதான் வலது பக்க தோல்ல, நடுவுல கருப்பா வட்டமா ஒண்ணு அப்பியிருக்குமே, கரணை, அது எதுக்குன்னு என்னிக்காவது கேட்டிருக்கோமா? அவரு கேட்டாரு. சாதாரண தோல் வாத்தியத்த தட்டுனா அதுலேர்ந்து கெளம்பற மேல் சுரங்கள், அதாவது அடிப்படை சுரத்தோட சேந்து ஒலிக்கற ஒசந்த சுரங்கள், ஒண்ணுக்கொண்ணு கணக்குல ஒத்து வராது, அதனால "தொம்"னு சத்தம் வரும், சுருதி நிக்காது. நடுவுல அந்த கரணைய ஏத்தி கனமாக்கிட்டா தோல் ஆடுற விதமே மாறிடுது, மேல் சுரம் எல்லாம் ரெண்டு மடங்கு மூணு மடங்குன்னு தந்தி வாத்தியத்துல வர்ற அதே வரிசைக்கு வந்துடுது, அதனாலதான் மிருதங்கம் பாடுறவங்க சுருதியோட ஒட்டி நிக்குது. இத அவரும் சிவகாளி குமாரும் 1920ல நேச்சர்ங்கற சயின்ஸ் பத்திரிகைல எழுதினாங்க. யோசிச்சு பாருங்க, கரணை எந்த எடத்துல எவ்ளோ ஏத்தணும்னு நம்ம மிருதங்கம் செய்யறவங்களுக்கு தலைமுறை தலைமுறையா கைக்கு தெரிஞ்சிருக்கு, ஏன்னு கேக்கறதுக்குதான் ஒரு கணக்கு ஆபீஸ் ஆளு வர வேண்டியிருந்துச்சு.

இத படிச்சதுலேர்ந்து நான் கச்சேரிக்கு போனா மிருதங்கக்காரர் பக்கமா ஓரத்துல எடம் புடிச்சு உக்காந்துக்கறேன். மோதிர விரல கரணை ஓரத்துல பட்டும் படாம வெச்சுகிட்டு ஆள்காட்டி விரலால மீட்டுல, அதான் ஓரத்து தோல் வளையத்துல, ஒரு அடி அடிக்கறாரு பாருங்க, அப்ப ஒரு சுத்தமான "நம்" வரும், அந்த விரல எடுத்துட்டா வேற நாதம். இடது பக்கம் தொப்பில ரவைய கொழச்சு அப்பறாரு, கச்சேரி முடிஞ்சதும் வழிச்சு எடுத்துடறாரு. எனக்கு பாட்டு ஞானம் சைபர், என்ன ராகம்னு கேட்டா திருதிருன்னு முழிப்பேன், ஆனா ரெண்டு மணி நேரம் எப்படி போச்சுன்னே தெரியறதில்ல. என் வீட்டுக்காரம்மாவுக்கு இதுல ஒரே எரிச்சல், அவங்க நெஜமாவே பாட்டு கேக்கறவங்க, நான் பக்கத்துல உக்காந்து விரலு விரலுன்னு கிசுகிசுத்தா கோவம் வராதா.

இதுக்கெல்லாம் பெரிய மேதையா இருக்கணும்னு இல்ல. தாம்பரம் கிறிஸ்டியன் காலேஜ்ல கிஃப்ட் சிரோமணின்னு ஒரு ப்ரொஃபசர் இருந்தாரு. கணக்கு, புள்ளியியல், கம்ப்யூட்டர்னு அவர் லைன் அது, ஆனா வாசல்ல போடுற கோலத்த விடல. புள்ளி வெச்சு சுத்தி சுத்தி இழுக்கற கோலத்துக்குள்ள என்ன இலக்கணம் இருக்குன்னு அவரும் அவர் மனைவி ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1974ல ஒரு கட்டுரை எழுதி வெளிநாட்டு கம்ப்யூட்டர் பத்திரிகைல வந்துச்சு. அதோட நிக்கல, மகாபலிபுரம் சிற்பத்துல என்ன டிரஸ், என்ன நகைன்னு ஒரு ஆராய்ச்சி, பழைய கல்வெட்டு எழுத்துன்னு ஒரு ஆராய்ச்சி. நாம தினமும் காலைல மிதிச்சுட்டு போற கோலம் சார் அது. மெனக்கெட்டு போய் வெளிநாட்டுலேர்ந்து எதையும் வரவழைக்கல.

இப்ப எங்க அபார்ட்மென்ட் கதைக்கு வர்றேன். உச்சி வெயில், சூரியன் தலைக்கு மேலன்னு பேச்சுக்கு சொல்றோம், ஆனா திருச்சில சூரியன் நெசமாவே நேர் தலைக்கு மேல வர்றது வருஷத்துக்கு ரெண்டே நாள், ஏப்ரல் 18 வாக்குல ஒண்ணு, ஆகஸ்ட் 24, 25 வாக்குல ஒண்ணு. அதுவும் 12 மணிக்கு இல்ல, 12.15க்கு, ஏன்னா நம்ம இந்திய நேரத்த கிழக்க 82.5 டிகிரி கோட்ட வெச்சுல்ல முடிவு பண்ணியிருக்காங்க, நாம அதுக்கு மேற்க இருக்கோம். கன்னியாகுமரில ஏப்ரல் 10 வாக்குலயே வந்துடும், அப்புறம் மதுரை, அப்புறம் நாங்க, சென்னைக்கு 24ஆம் தேதி வாக்குல போய் சேரும். டெல்லிக்காரங்களுக்கு இந்த பாக்கியம் ஆயுசுக்கும் கெடையாது, அவ்ளோ வடக்க சூரியன் ஏறறதே இல்ல.

போன ஏப்ரல்ல இத நான் லிஃப்ட் பக்கத்துல ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டுனேன், அந்த நேரத்துல நேரா நிக்கற பொருளுக்கு பக்கத்துல நிழலே விழாது, மொட்ட மாடிக்கு வந்து பாருங்கன்னு. வெயில்ல யாரு வரப்போறான்னுதான் நெனச்சேன், வந்துட்டாங்க. மூணாவது மாடி மாமி எவர்சில்வர் டம்ளரோட வந்தாங்க, வாட்ச்மேன் ஐயா வந்தாரு, கீழ இஸ்திரி போடுற அண்ணன் பொட்டிய எறக்கி வெச்சுட்டு வந்தாரு, ஆறாவது படிக்கற ஒரு பாப்பா பிளம்பர் விட்டுட்டு போன பிவிசி பைப் துண்டு ஒண்ண தூக்கிட்டு வந்துச்சு. டம்ளர வெச்ச ஒடனே இஸ்திரி அண்ணன் சொல்லிட்டாரு, "இது வாய் அகலம், அடி குறுகல், இதுல கரெக்டா தெரியாதுங்க, பைப்ப நிறுத்துங்க"ன்னு. பைப்ப நிறுத்துனோம். 11.45 வாக்குல மேற்கு பக்கம் ரெண்டு விரக்கடை நிழல் இருந்துச்சு, அது சுருங்கி சுருங்கி 12.10க்கு நூலா ஆச்சு, 12.15க்கு இல்ல. சுத்தமா இல்ல. பாப்பா பைப்புக்குள்ள எட்டி பாத்து ஒரு கத்து கத்துச்சு, அடி வரைக்கும் உள்ள தரை முழுக்க வெளிச்சம், வட்டமா. வாட்ச்மேன் ஐயா தன் நிழல எங்கன்னு தேடிகிட்டு ஒரு சுத்து சுத்துறாரு, அது செருப்புக்கு அடில கெடக்கு. காலு கொதிக்குது, ஒருத்தரும் எறங்கல, கெழக்கு பக்கம் நிழல் எட்டி பாக்கற வரைக்கும் நின்னாங்க.

அப்புறம் இஸ்திரி அண்ணன் மெதுவா கேட்டாரு, "சார் அப்ப இன்னியோட சூரியன் நம்மள தாண்டி வடக்க போயிடுமா?" ஆமாண்ணே, ஆகஸ்ட்லதான் திரும்பும், அது வரைக்கும் மதியான நிழல் தெக்க விழும்னேன். "அதான பாத்தேன், மே மாசம் ஆனா வேப்பமர நிழல் ரோட்டுக்கு போயிடுது, தள்ளுவண்டிய தெக்க தெக்க நகத்திகிட்டே இருக்கேன், மார்கழில வண்டி காம்பவுண்டு சுவரோரமா இருக்கும்"னாரு. எனக்கு சிலிர்த்து போச்சு சார். நான் புக்குல படிச்சு தெரிஞ்சுகிட்டத அவரு வண்டிய தள்ளியே தெரிஞ்சு வெச்சிருக்காரு, காரணம் மட்டும்தான் பாக்கி இருந்துச்சு. அன்னிக்கு முழுக்க துணி குடுக்க வர்றவங்க எல்லார்கிட்டயும் இதையே சொல்லிகிட்டிருந்தாரு, என் சட்டைல ஒண்ணு தீஞ்சு கூட போச்சு, போகட்டும்.

"இதெல்லாம் வயித்துக்கு சோறு போடுமா, ஈஎம்ஐ கட்டுமா"ன்னு கேப்பாங்க. கட்டாது. கடன்காரன் வாசல்ல நிக்கறப்ப போய் நிழல் பாருன்னு சொன்னா அது குசும்பு. மனசு ரொம்ப ஒடஞ்சு போனவங்க டாக்டர்கிட்டதான் போகணும், அதுலயும் எனக்கு சந்தேகம் இல்ல. நான் சொல்றது நல்லா சாப்ட்டு நல்லா தூங்கி எந்திரிச்சும் "பொழுதே போக மாட்டேங்குது"ன்னு ஃபோன தேச்சுகிட்டே இருக்கற என் வயசு ஆளுங்களுக்கும், பரீட்சைக்கு வராத எதையும் தொடவே கூடாதுன்னு வளக்கற நம்ம புள்ளைங்களுக்கும்தான்.

இப்ப உங்க விஷயம். ராசிபலன் போடுறீங்க, நல்ல நேரம் ராகு காலம் போடுறீங்க, தங்கம் வெல போடுறீங்க. குரு எந்த ராசில இருக்காருன்னு போடுறீங்க, அதே குரு இன்னிக்கு ராத்திரி மொட்ட மாடில எந்த பக்கம், எத்தன மணிக்கு தெரிவாருன்னு மட்டும் போட மாட்டேங்கறீங்களே, ஏன் சார்? குருப்பெயர்ச்சிக்கு ஆலங்குடிக்கு பஸ் புடிச்சு போறோம், நானும் போறவன்தான், குத்தம் சொல்லல. ஆனா அங்க வரிசைல நிக்கறவங்கள்ல எத்தன பேரு அவர வானத்துல நிமிந்து பாத்திருப்பாங்க? சாதா பைனாகுலர் இருந்தா போதும், கை ஆடாம சுவத்துல முட்டு குடுத்து பாத்தா பக்கத்துல பொட்டு பொட்டா அதோட நெலாக்கள் தெரியும், மறுநாள் பாத்தா எடம் மாறி இருக்கும், 1610ல கலிலியோ பாத்து அசந்து போனது அதைத்தான்.

அதனால அந்த பக்கத்துலயே ஒரு நாலு வரி எடம் குடுங்க. இன்னிக்கு சாயங்காலம் விண்வெளி நிலையம் நம்ம ஊரு மேல போகுதுன்னா எந்த தெசைல எத்தன மணிக்குன்னு போடுங்க, சுமார் 400 கிலோமீட்டர் ஒசரத்துல போகுது, உள்ள மனுஷங்க இருக்காங்க, கண்ண சிமிட்டாம ஒரு வெளிச்சம் சர்ருன்னு போகும், வெறும் கண்ணுக்கே தெரியும். பொங்கல் லீவுல பறவை கணக்கெடுப்பு நடக்குமே, அது வர்றப்ப யாரு வேணா 15 நிமிஷம் எண்ணி சேந்துக்கலாம்னு போடுங்க. ஒண்ணும் இல்லாத நாள்ல ஒரு கேள்வி போடுங்க. தூங்குமூஞ்சி மரம் ஏன் சாயங்காலம் எலைய மடிக்குது, கூவுற குயில் ஆணா பொண்ணா, கறுப்பு குயிலோட சுத்துற புள்ளி போட்ட பழுப்பு பறவை யாருன்னு.

விடைய மட்டும் அன்னிக்கே கீழ தலைகீழா அச்சடிச்சு போட்டுடாதீங்க சார், மறுநாள் பேப்பர்ல போடுங்க. கூகுள்ல பாக்கறவன் பாத்துக்கட்டும், மத்தவங்க ஒரு நாள் டீக்கடைல அடிச்சுக்கட்டும்.

இப்படிக்கு
உங்கள் நீண்ட நாள் வாசகன்
திருவானைக்கோவில், திருச்சி