அக்கா, அந்தக் கட்டுகளை ஒட்டிவிடாதீர்கள்

அன்புள்ள அக்கா,

இஸ்தான்புல்லில் வாங்கி வந்த நீண்ட கழுத்துள்ள நரம்பு வாத்தியத்தின் படத்தை அனுப்பி, "மெட்டெல்லாம் நகருது, ஃபெவிகால் வச்சு ஒட்டிடவா?" என்று கேட்டிருந்தீர்கள். (மெட்டு என்பது சுரங்களுக்கு இடம் குறித்துக் கழுத்தின் குறுக்கே இருப்பது.) தயவுசெய்து வேண்டாம். ஏன் கூடாது என்பது வாத்தியத்தின் பெயரிலேயே இருக்கிறது. வேறு யாருக்காவது உதவட்டும் என்று பதிலை இங்கேயே எழுதுகிறேன்.

அதன் பெயர் பாலமா. துருக்கியில் 'பாலமாக்' என்றால் கட்டுவது. 'பா' என்றால் கட்டு. எழுதும்போது நடுவில் மெல்லிய 'க' ஒன்று உண்டு. பேச்சில் அது முன்னால் உள்ள உயிரை நீட்டிவிட்டு மறைந்துவிடும். கிரேக்கர்கள் இதே சொல்லை வாங்கி, தங்கள் குட்டி வாத்தியம் ஒன்றுக்கு 'பக்லமாஸ்' என்று வைத்தார்கள். துருக்கியில் மறைந்த 'க' அங்கே இன்னும் ஒலிக்கிறது! அகராதியில் 'பா'வுக்குத் திராட்சைத் தோட்டம் என்றும் போட்டிருக்கும். அது பாரசீகத்திலிருந்து வந்த வேறு சொல், பெங்களூர் லால்பாகில் உள்ள அதே 'பாக்'.

சரி, எதைக் கட்டுவது? நீங்கள் வீணை கற்றவர். அதில் 24 மெட்டுகளும் மெழுகில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். பாலமாவில் மெட்டாக நைலான் நரம்பைக் கழுத்தைச் சுற்றிச் சில சுற்றுகள் இறுக்கி முடிச்சுப் போடுகிறார்கள். முன்பெல்லாம் குடல் நரம்பு. கழுத்தைப் பக்கவாட்டில் விரலால் தடவிப் பாருங்கள், முடிச்சுகள் தட்டுப்படும். இந்தக் கட்டுகளால்தான் பாலமா என்ற பெயர் வந்தது என்பார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

ஹார்மோனியத்தில் ஒரு ஸ்தாயிக்கு 12 சுரம். இதில் வழக்கமாக 17. அந்த இடைச் சுரங்கள் பாட்டுக்குப் பாட்டு, ஊருக்கு ஊர் கொஞ்சம் ஏறும், இறங்கும். அதற்கேற்பக் கட்டைத் தள்ளி வைத்துக்கொள்ளலாம். பசை போட்டால் அது போச்சு.

அப்புறம், கடைக்காரர் பில்லில் 'ஸாஸ்' என்று எழுதியது தவறில்லை. அது வாத்தியம் என்று பொதுவாகச் சொல்லும் பாரசீகச் சொல். ஊரில் பலரும் இதை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இன்னும் பழைய பெயர் கோபுஸ். துருக்கியரின் பழைய வீரக்கதைகளான தெதெ கோர்குத் கதைகளில் பாணர் கையில் இருப்பது அதுதான். ஆனால் கோபுஸ், ஸாஸ் இரண்டிலும் கட்டியவரின் கை தெரிவதில்லை. பாலமாவில் தெரிகிறது. அதனால் எனக்கு இந்தப் பெயர்தான் பிடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். தளர்ந்த கட்டுகளை இரண்டு பேரும் உட்கார்ந்து மறுபடி கட்டுவோம். நைலான் நரம்பு நான் வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி