கணக்கு நோட்டோடு நீயே போ

கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு,

போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிறு நீ பண்ணின பிரசங்கத்தை நானும் அம்மாவும் கேட்டோம். "அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதீர்கள்" என்ற வசனம். உன் சபைக் கமிட்டியில் அந்தப் பெரியவர் சபைப் பணத்துக்குக் கணக்கு கேட்ட மறுவாரமே அதை எடுத்திருக்கிறாய். அம்மா ஒன்றும் பேசாமல் போனை அணைத்துவிட்டாள்.

105-ஆம் சங்கீதத்தில் அந்த வசனத்துக்கு மூன்று வசனம் மேலேயிருந்து வாசித்துப் பார். அபிஷேகம் பெற்றவர்கள் என்று அங்கே சொல்லியிருப்பது மேடையில் நிற்பவர்களை அல்ல; சொந்த நிலமில்லாமல் அலைந்த ஒரு சிறு கூட்டத்தை. தொடாதே என்று கடிந்துகொள்ளப்பட்டவர்கள் ராஜாக்கள். அதைத் திருப்பி, கேள்வி கேட்ட விசுவாசிமேல் வீசலாமா?

உன்மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் பொருளாளராக இருந்தபோது காணிக்கை எண்ண என்னோடு இரண்டு பேர் உட்காருவார்கள். மூவரும் நோட்டில் கையெழுத்துப் போடுவோம். ஒரு நாள் நல்ல மழை, இருவரும் வரவில்லை. நானே எண்ணிப் பூட்டிவிட்டேன். அடுத்த வாரம் ஒருவர், தான் போட்ட கவர் நோட்டில் ஏறவில்லையே என்றார். நான் எடுக்கவில்லை, கர்த்தருக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்? என் கையெழுத்துக்குப் பக்கத்தில் இரண்டு கட்டமும் காலி. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனாலும் திருவிருந்தில் அவர் பக்கத்தில் முழங்கால் போட எனக்குப் பல மாதம் கூசியது.

எருசலேமுக்குத் தர்மப்பணம் கொண்டுபோகையில் அப்போஸ்தலர் பவுல் தன்னோடு ஒரு சகோதரனை வைத்துக்கொண்டார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாய் நடக்க வேண்டும் என்கிறார் (2 கொரிந்தியர் 8). அந்தச் சகோதரனைத் தெரிந்தெடுத்தது சபைகள், பவுல் இல்லை. உன் கமிட்டியில் ஐந்து பேரில் மூன்று பேர் நீயே போட்ட ஆட்கள்.

1948-ல் அமெரிக்க சுவிசேஷகர் பில்லி கிரகாமும் அவரோடு ஊழியம் செய்த மூவரும் கலிபோர்னியாவில் மொடெஸ்டோ என்ற ஊரில் உட்கார்ந்து, சுவிசேஷகர்கள் எங்கெங்கே இடறுகிறார்கள் என்று பட்டியல் போட்டார்கள். பணம், பெண்கள், மற்ற சபைகளைக் குறைசொல்வது, கூட்டத்தின் எண்ணிக்கையை ஊதிச் சொல்வது. நாலிலும் தங்களுக்குத் தாங்களே வேலி போட்டுக்கொண்டார்கள். (நாலாவதை நினைத்தால் உன் கன்வென்ஷன் போஸ்டர்தான் கண்ணில் நிற்கிறது.)

இந்த வாரமே அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போ. கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு போ. வேறு யாரையும் அனுப்பாதே, நீயே போ.

அம்மா உன்னை வேளைக்குச் சாப்பிடச் சொன்னாள்.

அப்பா